எட்டு போட்டால் மட்டும் போதுமா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 42. வீட்டுக்காரர் கத்தாரில் வேலை பார்க்கிறார். அவர் வாங்கிய கார் ஷெட்டில் சும்மா நிற்கிறது. மாமனாரை மாதம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாடகை வண்டி பிடிக்கிறோம். ஸ்கூட்டர், கார் இரண்டும் பழகி முறையாக லைசென்ஸ் எடுக்க ஆசை. டிரைவிங் ஸ்கூலில் கேட்டால், “மொத்தமா பணத்தைக் கட்டிடுங்க, எல்.எல்.ஆரிலிருந்து லைசென்ஸ் வரைக்கும் நாங்க பார்த்துக்கிறோம். டெஸ்ட் அன்னைக்கு வந்து எட்டு மட்டும் போடுங்க, கார் டெஸ்ட் சும்மா பேருக்குத்தான்” என்கிறார்கள். எனக்கோ எட்டு என்றாலே கை நடுங்குகிறது. இந்த வயதில் முடியுமா? ஆர்.டி.ஓ. ஆபீஸ் டெஸ்ட்டே இல்லாமல் லைசென்ஸ் தருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா? எல்.எல்.ஆர். வந்ததும் தனியாக ஓட்டலாமா? இன்னொன்று. 17 வயது மகன் மாமனாரின் எக்ஸ்.எல். வண்டியில்தான் டியூஷனுக்குப் போகிறான். 16 வயது முடிந்தால் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்கிறார்களே, சரிதானா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அது ஒருநாளும் தள்ளிப்போட முடியாத விஷயம். தம்பி அந்த வண்டியை ஓட்டக் கூடாது. இன்று சாயங்காலம் டியூஷனுக்குக்கூட எடுக்கக் கூடாது.

16 வயது என்று ஊரில் சொல்வதில் பாதிதான் உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 16 வயது முடிந்தவருக்கு அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டும். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். உங்கள் மாமனாரின் வண்டி எக்ஸ்.எல். 100 என்றால் அதன் எஞ்சின் கிட்டத்தட்ட 100 சிசி. கடைகளில் நாம் பார்க்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களும் 50 சிசியைத் தாண்டியவைதான். ஆக, நடைமுறையில் தம்பிக்கு 18 முடிய வேண்டும்.

2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்று நிரூபித்தால் பெற்றோர் தப்பலாம். நீங்கள் தெரிந்தே அனுப்புகிறீர்கள். இதில் மாட்டுவது நீங்கள் மட்டுமல்ல, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அந்தப் பெரியவரும்தான்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி யாருக்காவது அடிபட்டால், நீதிமன்றம் பெரும்பாலும் அடிபட்டவருக்கு இழப்பீட்டை முதலில் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லும். அப்புறம் அந்தப் பணத்தை வண்டிச் சொந்தக்காரரிடம் கம்பெனி வசூல் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பாகும். ஒரு விபத்து நிலத்தையே விற்க வைத்துவிடும்.

சைக்கிள், டவுன் பஸ், ஷேர் ஆட்டோ எதுவானாலும் சரி, ஒரு வருடம் ஓட்டிவிடலாம். 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத மின் வண்டிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் வாங்கும்போது கவனம். வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு விற்றால் அந்த விலக்கு போய்விடும். 18 முடிந்த மறுநாளே எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கட்டும். அதுவரை சாவி உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

சரி, இனி உங்கள் விஷயம்.

42 ஒரு வயதே இல்லை. லைசென்ஸ் எடுக்கச் சட்டத்தில் மேல் வயது வரம்பு கிடையாது. 40 வயதைத் தாண்டியவர் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றை, பதிவு பெற்ற டாக்டரிடம் வாங்கிச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அதில் முக்கியமாகப் பார்ப்பது கண் பார்வை, நிறம் பிரித்தறிவது, காது கேட்பது, கை கால் இயக்கம். இதை வெறும் கையெழுத்துக் காகிதமாக வாங்கி வராதீர்கள். நாற்பதுக்கு மேல் தூரப் பார்வை மெல்லக் குறைந்திருந்தால் நமக்கே தெரியாது. எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்று கிட்டே வந்த பிறகுதான் புரிகிறது என்றால் முதலில் கண்ணாடி போடுங்கள். அப்புறம் ஸ்டீயரிங்.

எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நாற்பதுக்கு மேல் வரும் பெண்கள் மெதுவாகப் பழகுவார்கள், பழகியதை விடமாட்டார்கள். கண்ணாடியைப் பார், இண்டிகேட்டர் போடு என்று ஒரு முறை சொன்னால் அதை ஒவ்வொரு முறையும் செய்வார்கள். இருபது வயதுப் பையன்கள் இரண்டாம் நாளே வண்டியை நகர்த்திவிடுவார்கள், கண்ணாடி பார்க்க வைக்கத்தான் மாதக்கணக்கில் கத்த வேண்டும். “இந்த வயசுல எதுக்கு” என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் தேடுகிற வீட்டில் உங்களுக்குத்தான் லைசென்ஸ் முதலில் வேண்டும்.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமத்துக்கு சாரதி பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், முடியாவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போகலாம். ஆதார் வழியாகச் செய்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அங்கிருந்தே வந்து விழும். அதனால் தொடங்குவதற்கு முன் ஆதாரைக் கையில் எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். இனிஷியல் அப்பாவுடையதா வீட்டுக்காரருடையதா, முகவரி பிறந்த வீட்டதா புகுந்த வீட்டதா, எந்த செல் நம்பர் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். லைசென்ஸ் கார்டும் விரைவுத் தபாலில் அந்த முகவரிக்குத்தான் வரும். நம் பக்கத்தில் பாதிப் பெண்களுக்கு ஆதாரில் இருப்பது கல்யாணத்துக்கு முந்தைய முகவரி. திருத்த வேண்டியதை இப்போதே திருத்திவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை.

விண்ணப்பத்தில் எந்த வகை வண்டி என்று கேட்கும். இலகுரக வாகனம் என்பது கார். இருசக்கர வண்டியில் கியர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு உண்டு. ஸ்கூட்டரில் டெஸ்ட் கொடுத்தால் கியர் இல்லாத வண்டிக்கான உரிமம்தான் வரும், வீட்டில் பைக் இருந்தால் அதை ஓட்ட அது செல்லாது. உங்களுக்கு ஸ்கூட்டர் போதும் என்றுதான் தோன்றுகிறது. கியருள்ளதைப் பின்னால் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்.எல்.ஆருக்கு ஒரு சின்னக் கணினித் தேர்வு. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. இந்த இடத்தில்தான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். “நீங்க உட்காருங்க, நாங்க டிக் பண்ணிடுறோம்” என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். சாலைக் குறிகளை ஒரு மத்தியானத்தில் படித்துவிடலாம். சிவப்பு விளிம்பு போட்ட வட்டம் என்றால் செய்யாதே என்ற உத்தரவு. நீல வட்டம் என்றால் இதைச் செய்தாக வேண்டும் என்ற உத்தரவு. முக்கோணம் எச்சரிக்கை: முன்னே வளைவு, பள்ளி, குறுகிய பாலம். தலைகீழ் முக்கோணம் குறுக்கே போகும் முக்கியச் சாலையில் வருபவருக்கு வழி விடச் சொல்வது. நீலச் செவ்வகம் தகவல். இந்த ஒழுங்கு பிடிபட்டால் பார்க்காத குறியையும் பாதி ஊகித்துவிடலாம். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, அதாவது வலப்பக்கமிருந்து வருபவருக்கு, முன்னுரிமை. மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். குற்றாலம், செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளா போகிற சாலை உங்களுக்குப் பக்கம்தானே, நாளைக்கே பயன்படும்.

கட்டணத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மத்திய விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், அந்தத் தேர்வுக்கு 50. அப்புறம் ஓட்டிக் காட்டும் டெஸ்ட்டுக்கு வகைக்கு 300, லைசென்ஸுக்கு 200. ஸ்கூட்டர், கார் இரண்டுக்கும் சேர்த்துக் கூட்டினாலும் 1,150 ரூபாய்தான். மாநிலத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் கொஞ்சம் வரும். பயிற்சிப் பள்ளி கேட்கும் தொகையில் இதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் பயிற்சிக்கு என்றால் நியாயம். எதற்கு என்று அவர்களால் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக முடியும். உங்கள் கடிதத்துக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த 30 நாளை எல்லோரும் காத்திருக்கும் காலம் என்று நினைக்கிறார்கள். நாளை எண்ணிக்கொண்டிருந்து 31-ம் நாள் போய் நிற்கிறார்கள். சட்டம் அந்த நாட்களை வைத்திருப்பது பழகுவதற்காக. உங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை, கையில் ஆறு மாதம் இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் நிதானமாக ஓட்டிப் பழகிவிட்டு டெஸ்ட்டுக்குப் போங்கள். 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 பேர் இறந்தார்கள். கார்டு கையில் வந்த பிறகு சந்தைக் கூட்டத்தில் பழகிக்கொள்ளலாம் என்கிற எண்ணம் எனக்குப் பயத்தைத் தருகிறது.

எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு தனியாகக் கார் ஓட்டக் கூடாது. பக்கத்து சீட்டில் அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ளவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு ‘எல்’ போட்ட அட்டை வேண்டும். அது குறைந்தது 18 சென்டிமீட்டர் சதுரம் இருக்க வேண்டும் என்று விதியே அளவு சொல்கிறது. பின்னால் வருபவன் பொறுமையாக வருவதற்கு அந்த அட்டை உதவும், வெட்கப்படாமல் ஒட்டுங்கள். ஸ்கூட்டரில் பழகும்போது, லைசென்ஸ் உள்ளவர் சொல்லித் தருவதற்காக ஏறினால் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தம்பியைக்கூட. எல்.எல்.ஆரும் ஓர் உரிமம்தான், இந்த நிபந்தனைகளோடு ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் காட்டி மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நிபந்தனையை மீறினால் அந்தப் பாதுகாப்பை நீங்களே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறீர்கள், போலீஸ் பிடித்தால் அபராதமும் உண்டு.

ஷெட்டில் நிற்கும் காரை எடுப்பதற்கு முன் அதன் இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். ஓட்டாத வண்டிக்கு எதற்கு என்று பலர் கட்டாமல் விட்டிருப்பார்கள். புகைச் சான்று, டயர் காற்று, பேட்டரி, பிரேக் எல்லாவற்றையும் ஒரு மெக்கானிக் பார்த்துவிடட்டும். பக்கத்தில் உட்காரப் போகிறவரையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக எதற்கெடுத்தாலும் கத்துகிற அண்ணனை உட்கார வைக்காதீர்கள். கத்துகிறவர் பக்கத்தில் இருந்தால் கண் சாலையில் இருக்காது, அவர் முகத்தில் இருக்கும்.

எப்படியும் கார் பழக ஒரு பள்ளியில் சேருவதுதான் நல்லது. எது நல்ல பள்ளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மத்திய மோட்டார் வாகன விதிகள் கார் பயிற்சிக்கு 21 நாளுக்குக் குறையக் கூடாது என்றும், ஓட்டும் நேரம் மட்டும் 10 மணிக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கின்றன. பத்து மணி என்பது உங்கள் கையில் ஸ்டீயரிங் இருக்கும் நேரம். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு, மீதி நேரம் பின் சீட்டில் உட்கார வைத்தால் அது கணக்கில் வராது. ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று படிவம் 15-ல் பதிவேடு வைத்திருக்க வேண்டும். “என் பத்து மணி நேரத்தை எப்படிப் பிரிச்சுத் தருவீங்க, ரிஜிஸ்டர்ல எழுதுவீங்களா?” என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். ஒழுங்கான பள்ளிக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். பயிற்சி வண்டியில் சொல்லித் தருபவர் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் உண்டு. உங்களைக் காப்பாற்ற அது வேண்டும். ஆனால் பல இடங்களில் மாஸ்டர் அதை மிதித்து மிதித்து வண்டியை அவரே ஓட்டுவார், நீங்கள் ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்திருப்பீர்கள். வண்டி ஆஃப் ஆகாமல் நகரும், நன்றாக ஓட்டுகிறோம் என்று தோன்றும். சொந்தக் காரில் உட்கார்ந்த அன்றுதான் கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியாது என்பது விளங்கும். ஐந்தாம் நாள், ஆறாம் நாளிலிருந்து, “சார், இந்தத் தெருவுல காலை எடுத்துடுங்க, நான் ஓட்டிப் பார்க்கிறேன்” என்று கேளுங்கள். வண்டி ஆஃப் ஆகும். பத்து தடவை ஆகட்டும்.

கிளட்சைப் பழக ஒரு வழி சொல்கிறேன். சமதளத்தில், முதல் கியரில், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் கிளட்சை மட்டும் மெல்ல மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கனத்து இறங்கும், வண்டி முன்பக்கம் லேசாக உயரும் மாதிரி இருக்கும். அங்கே காலை அப்படியே நிறுத்துங்கள். வண்டி ஊர்ந்து போகும். அந்த இடத்தை இடது கால் தானாகக் கண்டுபிடிக்கிற வரை இதையே செய்யுங்கள். அது வந்துவிட்டால் மேடு உங்களுக்குப் பயமாக இருக்காது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்துங்கள், கிளட்சை அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுங்கள், வண்டி இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பின்னால் உருளாது. கால்வாய்க் கரை, பாலத்தின் ஏற்றம் எதிலாவது ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பழகலாம்.

இனி எட்டு. கை நடுங்குவதற்குக் காரணம் முக்கால்வாசி, நேரே எட்டிலேயே ஆரம்பிப்பதுதான். ஸ்கூட்டரில் முதலில் நேராகப் போய் நிறுத்தப் பழகுங்கள். சொன்ன இடத்தில், காலைத் தேய்க்காமல், பிரேக்கில் நிற்க வேண்டும். அப்புறம் பள்ளி மைதானத்தில் தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்து வலப்பக்கமாகப் பெரிய வட்டம் போடுங்கள், அலுத்துப் போகும் வரை. பிறகு இடப்பக்கமாக. எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிதாகவும் ஒரு பக்கம் கஷ்டமாகவும் இருக்கும். கஷ்டமான பக்கத்தில் அதிக நேரம் சுற்றுங்கள். இரண்டு பக்கமும் வந்தபின் இரண்டாவது பாட்டிலை நன்றாகத் தள்ளி வையுங்கள். ஒன்றை வலமாகவும் மற்றதை இடமாகவும் சுற்றினால் எட்டு வந்துவிட்டது. நாளாக நாளாகப் பாட்டில்களைக் கிட்டே கொண்டுவாருங்கள்.

எட்டில் காலை ஊன்ற வைப்பது மூன்று பழக்கங்கள். முன் சக்கரத்தையே குனிந்து பார்ப்பது முதலாவது. பார்வை எங்கே போகிறதோ வண்டி அங்கேதான் போகும். சக்கரத்தைப் பார்த்தால் சக்கரத்தடியில் விழுவீர்கள். தலையைத் திருப்பி, அடுத்துப் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். இரண்டாவது, திருப்பத்தின் நடுவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டுவிடுவது. வேகம் செத்தால் வண்டி சாயும். கொஞ்சமாக, ஒரே அளவில் கொடுத்துக்கொண்டே, இடது கை பிரேக்கை லேசாகத் தொட்டபடி வேகத்தை அடக்குங்கள். மூன்றாவது, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது வலது கை பிரேக்கைப் பிடிப்பது. அது முன் சக்கரத்தின் பிரேக், அந்த நிலையில் அழுத்தினால் வண்டி கீழேதான். இந்த மூன்றையும் மைதானத்திலேயே சரிசெய்துவிட்டால் கை நடுக்கம் தானாகப் போகும்.

டெஸ்ட் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) எட்டை மட்டும் பார்ப்பார் என்று நினைக்க வேண்டாம். ஹெல்மெட் போட்டு வாரை மாட்டியிருக்கிறீர்களா என்பதிலிருந்தே கவனிப்பார். துப்பட்டாவையோ சேலைத் தலைப்பையோ இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், பின்பட்டி உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் கண்ணாடி கட்டாயம். காரில் ஏறியதும் சாவியைத் தொடாதீர்கள். சீட், மூன்று கண்ணாடிகள், சீட் பெல்ட், நியூட்ரல், பிறகு சாவி. நேராக ஓட்டுவது, இடம் வலம் திரும்புவது, பின்னால் எடுப்பது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, சிக்னல் காட்டுவது, அவசரமாக நிறுத்துவது, குறைந்த இடத்தில் நிறுத்தி வைப்பது எல்லாம் விதியில் எழுதியிருக்கிறது. ‘சும்மா பேருக்குத்தான்’ என்று விதியில் எங்கேயும் இல்லை. எது கேட்டாலும் செய்து காட்டும் நிலையில் போங்கள். கை சைகைகளையும் முந்தின நாள் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கும்போது கண்ணாடியோடு நிறுத்தாமல், கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகவும் பாருங்கள்.

தவறினால் குடி முழுகிவிடாது. ஏழு நாள் கழித்துத் திரும்பப் போகலாம். மூன்று முறை தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும், கூடுதல் பயிற்சியும் எடுக்க வேண்டும். தவறியதும் “கொஞ்சம் கொடுத்தா முடிச்சிடலாம்” என்று வருகிற ஆளை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். எட்டு வராதவருக்கு எட்டு வந்ததாகக் காகிதம் வாங்கித் தருவது உதவி அல்ல. வழியில் வரப்போகும் மாட்டு வண்டிக்கும் மணல் லாரிக்கும் அந்தக் காகிதம் தெரியாது.

வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். 2021 ஜூலை 1 முதல், அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கென்று தனி விதி வந்தது. பெரிய இடம், சிமுலேட்டர், சோதனைத் தடம் எல்லாம் வைத்திருக்க வேண்டும். கார் பயிற்சி அங்கே நான்கு வாரத்தில் 29 மணி நேரம். அதை முடித்து அவர்கள் வைக்கும் டெஸ்ட்டில் தேறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. டெஸ்ட் ஒழிந்துவிடவில்லை, இடம்தான் மாறுகிறது. 2024-ல் இதையே திரித்து ‘இனி டெஸ்ட்டே கிடையாது’ என்று பரப்பினார்கள். விதியில் எந்த மாற்றமும் இல்லை என்று மத்திய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. உங்கள் ஊர்ப் பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5 வேறு. பயிற்சி முடித்தார் என்பதற்கான சான்று அது, டெஸ்ட்டிலிருந்து விலக்கு தராது.

தேர்ச்சி பெற்றதும் லைசென்ஸ் டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் செயலியிலோ வந்துவிடும். போலீஸ் கேட்டால் அதைக் காட்டினாலே செல்லும். கார்டு தபாலில் வரும், வீடு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும், தபால்காரரிடம் சொல்லி வையுங்கள். 30-லிருந்து 50 வயதுக்குள் எடுப்பவருக்குப் பத்து ஆண்டு செல்லும். முடிவதற்கு ஓராண்டு முன்னதாகவே புதுப்பிக்கலாம். முடிந்து ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி எட்டு போடச் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்காரரின் இந்திய லைசென்ஸ் எப்போது முடிகிறது என்பதையும் இந்த வாரம் போன் பேசும்போது கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.